ஒன்பது பெயர்களுக்கு முன்னால்

ஜூலை 8, திங்கள்

எட்டு நாற்பது பஸ்ஸில் வந்து, ஒன்பதரைக்குக் கையெழுத்துப் போட்டு, பத்து மணிக்குள் எரிச்சல் வந்துவிட்டது. எனக்கு இது வழக்கம்தான்.

இந்த மாதம் 25, 26 தேதிகளில் கல்லூரிக்குத் தரச்சான்றுக் குழு வருகிறது. வடக்கேயிருந்து மூன்று பேராசிரியர்கள். அவர்களுக்காகக் கட்டடத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள், கழிவறைக்குப் புதுக் கதவு போடுகிறார்கள், பூந்தொட்டிகளை வாடகைக்கு எடுக்கிறார்கள். ஊழியர்கள் எல்லோருக்கும் கழுத்தில் தொங்கும் பெயர் அட்டை, ஆங்கிலத்தில். பட்டியல் தயாரிக்கும் வேலை என் தலையில். அலுவலகத்தில் நான் ஒருத்திதான் பி.ஏ. ஆங்கிலம்.

கண்காணிப்பாளர் குத்தாலிங்கம் சார் பழைய கோப்பை என் மேசையில் வைத்தார்.

“எம்மா முப்பிடாதி, பேருக்கு முன்னால போடுறது சரியா இருக்கணும். கல்யாணம் ஆனவங்களுக்கு மிஸ்ஸஸ். ஆகாதவங்களுக்கு எம்.எஸ். பிஹெச்டி முடிச்சிருந்தா டாக்டர்.”

“ஆம்பளைங்களுக்கு சார்?”

“ஆம்பளைக்கு என்ன இருக்கு? எல்லாம் மிஸ்டர்தான்.”

ஆண்கள் எழுபத்தொன்பது பேர். பதினோரு நிமிடத்தில் அடித்து முடித்தேன். பெண்கள் ஐம்பத்தாறு பேர். இதற்கு மூன்று நாள் வேண்டும். ஒவ்வொருவரிடமும் போய், உங்களுக்குப் புருஷன் இருக்கிறாரா என்று கேட்க வேண்டும். நாகரிகமான கல்லூரி என்பதால் அதற்கு ஒரு படிவம் அடித்திருக்கிறோம்.

எனக்கும் எம்.எஸ். போட்டேன், ஆங்கிலத்தில் Ms. குத்தாலிங்கம் சார் சிரித்துக்கொண்டே, “ஒனக்கு அடுத்த பட்டியல்ல மாறிரும்” என்றார். அவருக்கு மட்டும் எந்தப் பட்டியலிலும் மாறாது.

ஜூலை 9, செவ்வாய்

படிவம் சுற்றி வந்தது. மின்னியல் துறையில் ஒரு பெண், ஆவணியில் கல்யாணம், இப்போதே மிஸ்ஸஸ் போடலாமா என்று கேட்டாள். குழு வரும்போது ஆடி மாதம்தானே என்றேன். யோசித்துவிட்டு, “அப்ப எம்.எஸ். போடுங்க. அவசரப்பட்டேன்னு சொல்லிருவாங்க” என்றாள்.

கணிதத் துறை ஞானசுந்தரி மேடம் மதியம் தனியாக வந்தார். கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

“எனக்கு மிஸ்ஸஸ்தான போட்டிருக்கு?”

“ஆமா மேடம்.”

“அது அப்படியே இருக்கட்டும். மாத்திராத.”

படிவத்தில் கணவர் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. போகும்போது நன்றி என்றார். எதற்கு என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

வேதியியல் எமிமாள் மேடம்தான் எனக்குப் பிடித்த பதிலைச் சொன்னார். “நான் பிஹெச்டி முடிச்சதே அந்த மிஸ்ஸஸைக் கழட்டத்தான். ஏழு வருசம் ஆச்சு பாத்துக்கோ. எங்க வீட்டுக்காரர் ஒரு நாள்ல போட்டுவிட்டாரு.”

ஜூலை 10, புதன்

எனக்குத் தெரிந்ததைச் சாரிடம் சொல்லிப் பார்த்தேன். எம்.எஸ். என்பது கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்று பார்க்காமல் எல்லாப் பெண்களுக்கும் பொதுவாக வந்தது, மிஸ்டர் மாதிரி. அதனால் டாக்டர் தவிர எல்லோருக்கும் எம்.எஸ். போட்டுவிடலாம், யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

“அது ஒன் புஸ்தகத்துல. இங்க எம்.எஸ்.னா செல்வி. தெய்வக்கனி மேடத்துக்கு ரெண்டு பிள்ளை இருக்கு. அவங்களைச் செல்வின்னு போட்டா நாளைக்கு என் சட்டையைப் பிடிப்பாங்க.”

தெய்வக்கனி மேடத்தின் காதில் அது எப்படியோ விழுந்துவிட்டது. மூன்று மணிக்கு நேரிலேயே வந்துவிட்டார். “ஏம்மா, எங்க வீட்டுக்காரரு இங்கிலீஷ் வாத்தியாரு. கார்டைப் பாத்தாருன்னா, ஆபீஸ்ல என்னன்னு சொல்லி வச்சிருக்கேன்னு கேப்பாரு. நீ வந்து பதில் சொல்லுவியா?”

சொல்லுவேன் என்றுதான் வாயில் வந்தது. இந்த மாதம் 31ஆம் தேதி என் தகுதிகாண் காலம் முடிகிறது. வேலை நிரந்தரமாவது குத்தாலிங்கம் சாரின் குறிப்பில் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு மிஸ்ஸஸ் அடித்தேன்.

துப்புரவு வேலை பார்க்கும் வேலம்மாள் என் மேசைக்கு அடியில் துடைக்க வந்தபோது காலைத் தூக்கி நாற்காலிக் கம்பியில் வைத்துக்கொண்டேன். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

ஜூலை 11, வியாழன்

மாலை பஸ்ஸில் கூட்டம். வேலம்மாளுக்கு முன்பக்கம் இடம் கிடைத்தது. நான் பின்வாசலில் நின்றுகொண்டே வந்தேன்.

ஜூலை 12, வெள்ளி

துப்புரவுப் பெண்களுக்கும் இந்த முறை அட்டை உண்டு. குழு அனுப்பிய தாளில் ‘உதவிப் பணியாளர்கள்’ என்று ஒரு வரி இருக்கிறதாம். பழைய கோப்பில் அவர்களுக்குப் பெயரே இல்லை. ‘ஸ்வீப்பர் – 9’ என்று இருந்தது. நாற்காலி – 240, மின்விசிறி – 118, ஸ்வீப்பர் – 9.

“பேரை மட்டும் போடு” என்றார் சார்.

“முன்னால என்ன போட?”

“முன்னால என்னத்துக்கு? காண்ட்ராக்ட் ஆளுக. பேரே போதும்.”

பட்டியலை முதலிலிருந்து ஒருமுறை பார்த்தேன். நூற்று முப்பத்தைந்து பேருக்கும் பெயருக்கு முன்னால் ஏதோ ஒன்று இருக்கிறது. பட்டறையில் எண்ணெய்த் துணி பிழியும் பத்தொன்பது வயதுப் பையன்கூட மிஸ்டர். இந்த ஒன்பது பேர் மட்டும் மொட்டையாக நிற்கிறார்கள். கல்லூரிக்குள் ஆறரை மணிக்கு முதலில் நுழைகிறவர்கள் இவர்கள்தான்.

விவரம் எழுத ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் போனேன். அங்கேதான் சாப்பிடுவார்கள். ஒவ்வொருவராகச் சொல்ல எழுதினேன். பிச்சம்மா, தன் புருஷன் பெயரை வாயால் சொல்லாமல், “திருச்செந்தூர்ல வேலோட நிக்காருல்லா, அவரு பேருதான்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

கடைசியில் வேலம்மாள்.

“வயசு?”

“நாப்பத்தெட்டு.”

“வீட்டுக்காரர் பேரு?”

“அது வேண்டாம் மேடம்.”

என்னை மேடம் என்றாள். அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

ஜூலை 13, சனி

இந்த நோட்டிலும் பொய் எழுதினால் வேறு எங்கே போய் உண்மையை எழுதுவது?

வேலம்மாள் என் அம்மா.

ஆறு வருடமாக இந்தக் கல்லூரியில் கழிவறை கழுவுகிறாள். அந்தச் சம்பளத்தில்தான் நான் பி.ஏ. படித்தேன். ஜனவரியில் இங்கேயே அலுவலக வேலைக்குத் தேர்வு எழுதித் தேறினேன். வேலைக்குச் சேருவதற்கு முந்தின நாள் அம்மாதான் சொன்னாள்: “அங்க வச்சு என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிடாத.” காலையில் அவள் சீக்கிரப் பஸ்ஸில் போய்விடுவாள். மாலையில் ஒரே பஸ், அவள் முன்வாசல், நான் பின்வாசல். என் பெயருக்கு முன்னால் இருப்பது அப்பா பெயரின் முதலெழுத்து. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அம்மா சொன்னதால்தான். நானாகக் கேட்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

நாலு நாளைக்குப் பிறகு தண்ணீர் வந்தது. பதினெட்டுக் குடம் பிடித்தோம். ஊறப்போட்ட அரிசியை ஆட்டினேன், அம்மா போர்வையெல்லாம் துவைத்தாள். கொடியில் காயப்போடும்போது கேட்டேன்.

“ஒம்பேருக்கு முன்னால என்ன போடணும்?”

“பேருக்கு முன்னால என்ன இருக்கு?”

மிஸ்ஸஸ், மிஸ், எம்.எஸ். என்று மூன்றையும் சொன்னேன். மிஸ்ஸஸ் என்றால் இன்னார் மனைவி. மிஸ் என்றால் கல்யாணம் ஆகாதவள்.

“மொதல்ல சொன்னது வேண்டாம். அந்த ஆளு பேரை எங்கழுத்துல தொங்கவிடாத.”

அப்பா திருப்பூருக்குப் போய்ப் பதினெட்டு வருடம் ஆகிறது. அங்கே அவருக்கு வேறு குடும்பம். அம்மா ஒரு வருடம் காத்திருந்துவிட்டுத் தாலியைக் கழற்றினாள். இந்தத் தெருவில் அதற்காக அவளுக்கு வைத்த பெயர் வாழாவெட்டி. கிணற்றடியிலும் கல்யாண வீட்டிலும் நான் அதைக் கேட்டிருக்கிறேன். ஓடிப்போனவருக்கு ஒரு பெயரும் வைக்கவில்லை. அவர் இன்றும் மிஸ்டர் செல்லையா.

“மூணாவதுக்கு என்ன அர்த்தம்?” என்றாள் அம்மா.

“எம்.எஸ்.ஸா? அதுக்குப் புருஷன் கணக்கே கிடையாது. ஒரு பொம்பளை, அவளை மரியாதையாக் கூப்பிடுதோம், அவ்வளவுதான்.”

அம்மா போர்வையின் முனையை உதறி நேராக்கினாள்.

“அதைப் போடு. மத்தவளுகளையும் கேட்டுக்கோ.”

ஜூலை 15, திங்கள்

கேட்டேன். பிச்சம்மாவுக்கு முதலில் சிரிப்பு. “எனக்குப் பேத்தி இருக்கா. நான் எம்.எஸ்.ஸா?” பிறகு, “மேடம்மாருக்குப் போடுறதுதான எங்களுக்கும்? அப்ப போடுங்க” என்றாள். ஒன்பது பேருக்கும் ஒன்றுதான் வேண்டுமாம். எவளுக்கும் மேலே கீழே வேண்டாம்.

ஐம்பத்தாறு படித்த பெண்களிடம் மூன்று நாள் நடக்காதது, ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் ஐந்து நிமிடத்தில் நடந்தது.

ஜூலை 16, செவ்வாய்

பட்டியலை அச்செடுத்து வைத்தேன். சார் சிவப்புப் பேனாவால் கடைசிப் பக்கத்தில் ஒன்பது எம்.எஸ்.ஸையும் அடித்தார். வரிசையாக, நிதானமாக, ஒவ்வொன்றாக.

“சொன்னேன்ல, பேரு போதும்னு.”

“எல்லாருக்கும் இருக்கு சார். இவங்களுக்கு மட்டும் எதுக்கு இல்லாம?”

“அம்பது வயசுப் பொம்பளைக்கு எம்.எஸ். போட்டா சிரிப்பாங்கம்மா.”

“அப்ப மிஸ்ஸஸ் போடுங்க.”

“அது போட்டா வீட்டுக்காரன் பேரு கேக்கும். இதுல ஒருத்தி அதைச் சொல்லவும் மாட்டேங்கா. எதுக்கு நமக்கு?” பேனாவை மூடினார். கெட்ட மனுஷர் இல்லை. எனக்கு மெட்டர்னிட்டி விடுப்பு விதியெல்லாம் இப்போதே எடுத்துக் காட்டி வைத்திருப்பவர். “ஒனக்கு என்ன அவங்க மேல இவ்வளவு அக்கறை? சொந்தமா?”

“இல்ல சார்” என்றேன்.

வெளியே வராந்தாவில் துடைப்பான் தேய்க்கும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொடங்கியது.

ஜூலை 17, புதன்

அம்மா எதுவும் கேட்கவில்லை. புளிக்குழம்பு வைத்திருந்தாள். நன்றாக இருந்தது.

ஜூலை 18, வியாழன்

சனிக்கிழமை எழுதியதைத் திருத்துகிறேன்.

தன்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே என்று அம்மா சொன்னது உண்மை. ஆனால் அதற்கு முந்தின வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, கேட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். சொன்னதும் எனக்குப் பசித்தது. இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

ஊரையும் கல்லூரியையும் திட்ட எனக்கு நன்றாக வரும். பக்கம் பக்கமாக வரும். இந்த நாலு வரிக்கு ஆறு மாதம் ஆகியிருக்கிறது.

ஜூலை 19, வெள்ளி

எமிமாள் மேடம் ஆவணக் குழுவில் இருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னால் முதல்வர் கேட்பார். போய்க் கேட்டேன்.

“நியாயமாத்தான் இருக்கு. ஆனா எனக்கு எதுக்குப்பா வம்பு? குழு வந்துட்டுப் போகட்டும்.”

ஏழு வருடம் உழைத்துத் தன் கழுத்திலிருந்ததைக் கழற்றியவர். அடுத்தவள் கழுத்தைப் பார்க்க நேரமில்லை. கோபம் வந்தது, ஆனால் முழுக் கோபம் வரவில்லை. நேற்று எழுதியதற்குப் பிறகு யார் மேலும் முழுக் கோபம் வரமாட்டேன் என்கிறது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு நடைமுறை உண்டு. சார் எதையும் தாளில்தான் பார்ப்பார், தாளில்தான் திருத்துவார். திருத்தியதைக் கணினியில் ஏற்றி அச்சகத்துக்கு அனுப்புவது நான். கணினியை அவர் தொடமாட்டார். அதற்கு வைரஸ் வந்தால் தனக்கும் வரும் என்கிற மாதிரித் தள்ளி நிற்பார்.

மற்றத் திருத்தங்களை எல்லாம் ஏற்றினேன். கடைசிப் பக்கத்தைத் தொடவில்லை. நாலு பத்துக்கு அச்சகத்துக்கு அனுப்பினேன்.

ஜூலை 22, திங்கள்

அட்டைகள் வந்தன. நீலப் பட்டை, வெள்ளை எழுத்து. எம்.எஸ். வேலம்மாள், ஹவுஸ்கீப்பிங். என் அட்டையும் அவள் அட்டையும் ஒரே அளவு, ஒரே நீலம்.

சார் பார்த்தார். சத்தம் போடவில்லை. ஒன்பதையும் தனியாக எடுத்து மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

“தெரிஞ்சுதான செஞ்ச?”

“ஆமா சார்.”

“முப்பத்தொண்ணாந்தேதி ஒம்பேருக்கு நேரா நான் என்ன எழுத?”

“நடந்ததை எழுதுங்க சார்.”

“திரும்ப அடிக்க நேரம் இல்ல. அவளுகளுக்குக் கார்டே வேண்டாம். குழு வந்துட்டுப் போகட்டும், ஒனக்கு மெமோ இருக்கு.”

மாலையில் இன்னொரு உத்தரவு. குழு வரும் இரண்டு நாளும் துப்புரவுப் பெண்கள் ஐந்து மணிக்கே வந்து வேலையை முடித்துவிட்டு, சாயங்காலம் வரை ஜெனரேட்டர் அறைப் பக்கமே இருக்க வேண்டும். வெளியே தலை தெரியக் கூடாது. கழிவறை பளபளக்க வேண்டும், ஆனால் தானாகப் பளபளத்த மாதிரி இருக்க வேண்டும்.

ஜூலை 24, புதன்

நாளைக்கு அம்மா ஐந்து மணிக்குப் போக வேண்டும். பஸ் கிடையாது. பிச்சம்மாவின் மகன் லோடு ஆட்டோவில் கூட்டிப் போகிறானாம். அம்மாவின் சீலைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

“யாரும் பாக்கப் போறதில்ல. எதுக்கு இது?” என்றாள்.

மடிப்புக் கலையாமல் பையில் வைத்துக்கொண்டாள்.

ஜூலை 25, வியாழன்

முழுதாக எழுத வேண்டும், ஒன்றையும் விடக் கூடாது.

குழுவின் தலைவி புனேக்காரர். நரைத்த குட்டை முடி, பருத்திச் சேலை, ரப்பர் செருப்பு மாதிரி ஒரு செருப்பு. காலையில் ஆய்வகம், நூலகம், விடுதி எல்லாம் பார்த்தார்கள். மதியம் தலைவி பெண்கள் கழிவறைக்குத் தானே போய்விட்டு வந்து, இவ்வளவு சுத்தமான கழிவறையை இந்தப் பயணத்தில் வேறெங்கும் பார்க்கவில்லை என்று முதல்வரிடம் சொன்னார். முதல்வர் தானே கழுவியது போலச் சிரித்தார்.

“அவர்களைப் பார்க்க வேண்டும்” என்றார் தலைவி. “உங்கள் உதவிப் பணியாளர்களை. இப்போது.”

முதல்வர் சாரைப் பார்த்தார். சார் என்னைப் பார்த்தார். இடுப்பிலிருந்து இழுப்பறைச் சாவியை எடுத்து என்னிடம் கொடுத்தார். அட்டை இல்லாமல் ஆட்களைக் காட்ட முடியாது. நான் ஓடினேன். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் அவர்கள் காகிதம் விரித்துப் படுத்திருந்தார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் நானே மாட்டினேன். அம்மா குனிந்துகொடுத்தாள். அவள் தலையில் பினாயில் வாசம் அடித்தது.

கருத்தரங்கக் கூடம். ஏசி. ஒன்பது பேரும் சுவர் ஓரமாக நின்றார்கள். தலைவி உட்காரச் சொன்னார். யாரும் உட்காரவில்லை. இரண்டாவது முறை சொன்னதும் அம்மாதான் முதலில் உட்கார்ந்தாள். பிறகு எட்டுப் பேரும்.

மொழிபெயர்க்க என்னை நிறுத்தினார்கள். தலைவி ஒவ்வோர் அட்டையாகப் படித்து, “எம்.எஸ். பிச்சம்மா” என்று அழைத்தார். அழைத்ததும் பிச்சம்மா எழுந்து நின்ற விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். பேத்தி இருக்கிறவள், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி நின்றாள். யாரும் சிரிக்கவில்லை. சாரும் சிரிக்கவில்லை.

“எம்.எஸ். வேலம்மாள்.”

அம்மா எழுந்தாள்.

எத்தனை வருடம்? ஆறு. ஒரு நாளைக்கு எத்தனை கழிவறை? பதினாலு. கையுறை கொடுக்கிறார்களா?

“வருசத்துக்கு ஒரு சோடி. ஒரு மாசத்துல கிழிஞ்சிரும்” என்றாள் அம்மா. முதல்வர் தண்ணீர் குடித்தார். நான் ஒரு சொல்கூடக் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

வீட்டில் யார் இருக்கிறார்கள்?

“நானும் எம்மகளும். மக படிச்சிருக்கா. ஆபீஸ்ல வேலை பாக்கா.”

நல்லது, எந்த அலுவலகம்?

அம்மா என்னைப் பார்க்கவில்லை. கூடத்தின் தரையைப் பார்த்தாள். காலையில் அவளே துடைத்த தரை.

“இங்கன பக்கத்துலதான்.”

எல்லோரும் நான் மொழிபெயர்ப்பதற்காகக் காத்திருந்தார்கள். பக்கத்தில் என்பதற்கு ஆங்கிலத்தில் எனக்கு நாலு சொல் தெரியும். அதில் எதைச் சொன்னாலும் சரியாக இருந்திருக்கும்.

“இவருடைய மகள் இதே கல்லூரியின் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். “அந்த மகள் நான்தான்.”

முதல்வர் சாரைப் பார்த்தார். சார் எங்கும் பார்க்கவில்லை. தெய்வக்கனி மேடம், “எது?” என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டது என் காதிலும் விழுந்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எல்லோரும் தன்னைத் திரும்பிப் பார்ப்பது மட்டும் தெரிந்தது. ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்து அவள் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டாள்.

தலைவி என்னிடம் கேட்டார்: “இப்போது சொன்னதை அவரிடம் உங்கள் மொழியில் சொன்னீர்களா?”

“இல்லை.”

“சொல்லுங்கள். நாங்கள் காத்திருக்கிறோம்.”

ஆங்கிலத்தில் சொன்னது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது.

“அம்மா” என்றேன். அந்தக் கட்டடத்துக்குள் அந்தச் சொல்லை முதல் முறையாகச் சொல்கிறேன். “நான் ஒம்மகள்னு சொன்னேன்.”

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அது எனக்குத் தெரியும்லா” என்றாள்.

எட்டுப் பேரும் சிரித்த சிரிப்பில் ஏசி சத்தம் அமுங்கியது. தலைவிக்கு நான் மொழிபெயர்க்கவே இல்லை, அவரும் சிரித்தார்.

வெளியே வந்ததும் பிச்சம்மா என் தோளில் ஒரு அடி போட்டாள். “ஏட்டி, எங்களுக்கு ஜனவரியிலயே தெரியும். ரெண்டு பேரும் தெனமும் ஒரே கொழம்பைக் கொண்டுவாரீக. இதுல என்ன ரகசியம்?”

“யாரும் கேக்கலையே.”

“ஒங்கம்மா ஒன்னும் பேசாம இருந்தா. பெறகு நாங்க என்னத்தைக் கேக்க?”

ஜூலை 26, வெள்ளி

குழு மதியம் போய்விட்டது. பூந்தொட்டிகளை லாரியில் ஏற்றினார்கள். சார் ஓர் அட்டைப் பெட்டியை என்னிடம் நீட்டினார்.

“அந்த ஒம்பது கார்டையும் வாங்கிட்டு வா. காண்ட்ராக்ட் ஆளுக வெளிய காட்டிக்கிட்டுத் திரிஞ்சா வம்பு.” பிறகு மெதுவாக, “நான் கேட்டப்ப இல்லைன்னு சொன்னியேம்மா.”

“பொய் சொன்னேன் சார்.”

“எங்கிட்டயா?”

“ஒங்ககிட்டச் சொன்னது பெருசில்ல சார். அவ வெளிய நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பெட்டியோடு போனேன். விஷயத்தைச் சொன்னேன். ஒன்பது பேரும் என்னையும் பெட்டியையும் பார்த்தார்கள்.

“எம்பேரு போட்டதைத் திருப்பிக் குடுத்தா, அவுக அதை வச்சு என்ன செய்வாக?” என்றாள் அம்மா. “வேற வேலம்மாள் வருவாளா?”

“தர மாட்டோம்னு போய்ச் சொல்லு” என்றாள் பிச்சம்மா. “மரியாதையாச் சொல்லு, எம்.எஸ். பிச்சம்மா சொன்னாகன்னு சொல்லு.”

காலிப் பெட்டியைச் சார் மேசையில் வைத்தேன். “கேட்டேன் சார். தர மாட்டாங்களாம்.” மரியாதையாகத்தான் சொன்னேன்.

ஐந்து இருபது பஸ்ஸுக்கு ஒன்பது பேரும் அட்டையோடு நடந்தார்கள். வாசல் காவலர் எழுந்து நின்றார், ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. நான் முன்வாசலில் ஏறினேன். உட்கார இடமில்லை. அம்மாவும் நானும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தோம். கண்டக்டர் அம்மாவின் அட்டையை எட்டிப் பார்த்து, “என்னம்மா, பிரமோசனா?” என்றார்.

“இல்ல. ரொம்ப நாளா இதுதான். இப்பத்தான் எழுதிக் குடுத்திருக்காக” என்றாள்.

ஜூலை 27, சனி

மெமோ வந்தது. அனுமதி இல்லாமல் பட்டியலை மாற்றி அனுப்பியதற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். சார் கையெழுத்து. புதன்கிழமை 31ஆம் தேதி. வேலை இருக்குமா என்று தெரியாது. சார் இன்னும் குறிப்பு எழுதவில்லை, கோப்பு அவர் மேசையில் திறந்தபடி இருக்கிறது என்று அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் பி.காம். படித்த பெண் வந்து சொன்னாள். அவளுக்கு மிஸ்ஸஸ். முதல் முறையாக என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

வீட்டுக்கு வந்து பதில் எழுதினேன். சுருக்கமாகத்தான்.

“ஒன்பது பெயர்களுக்கு முன்னாலும் அந்த மரியாதையைப் போட்டு அனுப்பியது நான். தெரிந்தே செய்தேன். அச்சகத்தின் பிழையோ மற்றவர் பிழையோ அல்ல. அட்டைகளில் திருத்த வேண்டியது எதுவும் இல்லை. அவர்களில் ஒருவர் என் தாய். மற்ற எட்டுப் பேருக்கும் போட்டதற்கு அது காரணம் அல்ல.”

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். படித்துக் காட்டினேன். முடித்ததும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

“தாய்னு கடைசில போட்டிருக்கியே, அதை மொதல்ல எழுது” என்றாள்.

வேறு தாள் எடுத்தேன்.